மிதிச்சுப் பிடிச்சுக்கோ

சாவி சட்டைப்பையில்தான் இருந்தது. சந்தேகத்துக்கு இன்னொரு முறை தொட்டுப் பார்த்துக்கொண்டான். சாவி போடாத வண்டியில் எந்த விளக்கும் எரிய நியாயமில்லை. ஆனால் டாஷ்போர்டில் அவன் ஒட்டிவைத்திருந்த கறுப்பு டேப்பின் ஓரங்களில், டார்ச்சை உள்ளங்கையால் மூடினால் விரலிடுக்கில் தெரியுமே, அந்த மாதிரி ஒரு சிவப்பு கசிந்துகொண்டிருந்தது.

பிரேக் விளக்கு. பழைய வண்டி, எங்கேயாவது வயர் உரசிக்கொண்டிருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். டேப்பைப் பிரித்துப் பார்க்க மனம் வரவில்லை. அந்தப் பக்கம் திரும்பவே கூச்சமாக இருந்தது. விளக்கு முதன்முதலில் எரிந்த அன்று, "என்னங்க அது, சிவப்பா?" என்று மனைவி கேட்டாள். "ஒண்ணுமில்ல, சென்சார் கோளாறு" என்று வாய் கூசாமல் சொல்லிவிட்டு, மறுநாள் கடையிலிருந்து டேப் கொண்டுவந்து ஒட்டினான். திரைச்சீலைக் கடையில் ஜன்னல்களுக்கு அளவெடுப்பது அவன் வேலை. மறைக்கிற வித்தை கைவந்ததுதான்.

மறைக்க முடியாமல் போனது சத்தம். பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் இரும்புத் தட்டில் ஆணியால் கீறுவதுபோல வண்டி அலறியது. மனைவியின் அக்கா வீட்டுக்காரர், "நீங்க தெருமுனை திரும்பும்போதே தெரிஞ்சுடுது சகலை, எங்களுக்குக் காலிங் பெல்லே வேண்டாம்" என்று எல்லோர் முன்னாலும் சிரித்தார். அதைக்கூடத் துடைத்துப் போட்டுவிட்டான். ஆனால் இந்த வாரம் மகள், பள்ளிக்கூடத்துக்கு ஒரு தெரு முன்னாலேயே, "இங்கயே இறங்கிக்கறேம்ப்பா, நடந்தா நல்லதுதானே" என்றாள். இறங்கியவள், யாராவது பார்த்துவிட்டார்களா என்று இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்துவிட்டு நடந்தாள். கண்ணாடியில் அது தெரிந்தது. அன்று முழுக்க எந்த ஜன்னலை அளந்தாலும் கணக்கு உதைத்தது.

அதனால்தான் இந்த விடுமுறை மதியம், வீட்டுப் பக்கக் கதவைச் சும்மா சாத்தி, ஷெட்டின் ஷட்டரை முழுக்க இறக்கிவிட்டு, இடது முன்சக்கரத்துக்கு முன்னால் குந்தியிருந்தான். வீடியோவில் ஒரு பொடியன் விசிலடித்துக்கொண்டே செய்து முடித்த வேலை. இவன் தடுமாறுவதைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்க்க வேண்டாமே என்றுதான் ஷட்டரை இறக்கினான். வெளியே மழை பிடித்துக்கொண்டு ஷட்டர் தகரத்தில் சளசளவென்று அடித்தது. ஒற்றைக் குழல்விளக்கின் வெளிச்சம் காரின் மறுபக்கத்துக்கு எட்டவில்லை. ரப்பர், துரு, பிரேக் ஆயிலின் தித்திப்பான நெடி எல்லாம் சேர்ந்து தொண்டையில் படிந்தன.

பிரேக் பேடுகளை மாற்றியாயிற்று. பழையவை இரும்பு வரைக்கும் தேய்ந்திருந்தன; கையில் வைத்துப் பார்க்கவே அவமானமாக இருந்தது. இந்த லட்சணத்தில் பெண்டாட்டி பிள்ளையை ஏற்றிக்கொண்டு ஊர் சுற்றியிருக்கிறான். அந்தப் பதற்றத்தில் பேடுகளைப் பிடித்திருக்கும் காலிப்பரை அதன் ஆயில் குழாயிலேயே தொங்கவிட்டுவிட்டான். இணைப்பு தளர்ந்து ஆயில் ஒழுகி, உள்ளே காற்றுப் புகுந்துவிட்டது. இணைப்பை இறுக்கி, ஆயில் நிரப்பி, பெடலை மிதித்துப் பார்த்தால் சேற்றில் கால் வைத்தது போல அடிவரைக்கும் போனது.

காற்றை வெளியேற்ற இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதித்துப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் சக்கரத்துப் பக்கம் காற்று வெளியேறும் நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். மனைவியைக் கூப்பிட்டால், "இதுக்குத்தான் கடையில விடுங்கன்னு சொன்னேன்" என்பாள். சொல்லாவிட்டாலும் அந்தப் பார்வை ஒன்று போதும். வெகுநேரம் ஸ்பேனரை உருட்டிக்கொண்டிருந்துவிட்டு, கடைசியில் தலையைத் தூக்காமலே குரல் கொடுத்தான்.

"ஏம்மா... கொஞ்சம் வந்து வண்டியில உக்காரேன்."

மழைதான் கேட்டது.

கொஞ்ச நேரம் கழித்து, காரின் அந்தப் பக்கம் கதவு திறந்தது. வண்டி ஸ்பிரிங்கில் லேசாக அமுங்கியது. கதவு மெல்லச் சாத்திக்கொண்டது.

அப்பாடா என்றிருந்தது. கோபமாக இருக்கிறாள், பேசமாட்டாள், அதுவும் நல்லதுதான். "பிரேக்கை மிதி... மிதிச்சுப் பிடிச்சுக்கோ" என்றான். டிஸ்க் தகட்டைப் பேடுகள் இறுகப் பிடித்தன. நிப்பிளைத் திறந்தான். ஆயிலும் நுரையும் குழாய் வழியே பாட்டிலில் துப்பின. மூடினான். "விடு." பேடுகள் தளர்ந்தன. மறுபடி "மிதி." மறுபடி "விடு." என்ன சீராகச் செய்கிறாள்! சொல்லி வாய் மூடுவதற்குள் பெடல் இறங்கியது. சொல்லி முடிப்பதற்குள் ஏறியது.

முகம் தெரியாததாலோ என்னவோ, அவனுக்குப் பேசத் தோன்றியது.

"அது சென்சார் கோளாறு இல்லம்மா. எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் டேப்பை ஒட்டினேன்."

பாட்டிலை நிமிர்த்தி வைத்தான்.

"பாப்பா ஒரு தெரு முன்னாடியே இறங்கிக்கறா. என் வண்டியிலேர்ந்து இறங்கறதை யாரும் பாக்கக் கூடாதாம்." ஸ்பேனரைத் துணியில் துடைத்துக்கொண்டான். "என்னைப் பாத்தா அவளுக்குக் கேவலமா இருக்கு போல."

பேடுகள் இறுகின. அவன் 'மிதி' என்று சொல்லவில்லை.

சரி, கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று எண்ணிக்கொண்டான். நிப்பிளைத் திறந்தான். நுரை இல்லாமல் தெளிவான ஆயில் வந்தது. அவன் மூடுவதற்காகப் பெடல் காத்திருந்தது. மூடினான். 'விடு' என்று மனதுக்குள்தான் நினைத்தான்.

விட்டது.

அப்போது டூல்பாக்ஸ் மேல் வைத்திருந்த போன் அதிர்ந்தது. ஆயில் கையோடு எடுத்தான். திரையில் மனைவியின் பெயர்.

"என்னங்க, இங்க நல்ல மழை. வந்து கூட்டிட்டுப் போறீங்களா? இல்ல, அத்தான் கார்ல கொண்டுவந்து விடறேங்கறார்."

"நீ... எங்க இருக்க?"

"நல்லா இருக்கே! கதவத் தட்டிச் சொல்லிட்டுத்தானே கிளம்பினேன். நீங்ககூட 'ம்'னீங்களே. நாங்க ரெண்டு பேரும் அக்கா வீட்டுல இருக்கோம்."

'ம்' சொன்னது ஞாபகத்துக்கு வந்தது.

முழங்கால் தரையில் ஊன்றியபடியே அசையாமல் இருந்தான். மழை நின்றது போலிருந்தது. நிற்கவில்லை, காதுக்குள்தான் எல்லாம் அடங்கிவிட்டிருந்தது. கண்ணெதிரே பேடுகள் டிஸ்க்கை மெல்லப் பிடித்தன. விட்டன. பிடித்தன. அடுத்த வேலையைச் சொல்லேன் என்பதுபோல.

எழுந்தான். இடது ஜன்னல் வழியாகப் பார்த்தான். ஓட்டுநர் இருக்கை காலி. ஆனால் அதன் மெத்தை நடுவில் குழிந்திருந்தது. பெடல் அமுங்கி இருந்தது. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது ஏறியது. மெதுவாக. குழிவும் நிரம்பியது. வண்டி ஒரு மூச்சளவு உயர்ந்தது.

கதவு திறக்கவில்லை.

"என்னங்க? வண்டி ரெடியா, இல்லையா?"

போனில் அவளுக்குப் பின்னால் சகலையின் குரல் கேட்டது: "பாவம், விடு. நட்டு போல்ட்டெல்லாம் இன்னும் தரையில கிடக்கும்." யாரோ சிரித்தார்கள். சின்னக் குரலில் ஒரு சிரிப்பு. மகளுடையதாகவும் இருக்கலாம்.

ரெடி இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். அந்த ஒரு வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. முகத்தில் ரத்தம் ஏறி, காது மடல் சுட்டது.

"ரெடியாயிடுச்சு. வரேன்."

சக்கரத்தை மாட்டினான். ஜாக்கியை இறக்கினான். ஒரு நட்டு உருண்டு காருக்கடியில் போக, துடைப்பக் குச்சியால் தள்ளி எடுத்தான், கையை விடவில்லை. டேப்புக்கடியில் சிவப்பு இல்லை. இருக்கையைத் துணியால் அழுத்தித் துடைத்துவிட்டு விளிம்பில் உட்கார்ந்தான். பெடல் கல் மாதிரி கெட்டியாக நின்றது. தெருவில் ஒரு சுற்று மெதுவாகப் போய் மிதித்துப் பார்த்தான். சத்தமில்லை. வழுக்கலில்லை. நினைத்த இடத்தில் நின்றது. நினைத்த மாத்திரத்தில்.

மேட்டுத் தெருவில் இருந்தது சகலையின் வீடு. வாசலில் குடையோடு நின்றவர் புருவத்தைத் தூக்கினார்.

"அட, வந்தது தெரியவே இல்லையே! யாரு சகலை பண்ணினது?"

"நானேதான்."

மகள் பின்சீட்டில் ஏறினாள். கதவைச் சாத்தியதும் முன்னால் எக்கி அவன் தோளில் மோவாயை வைத்துக்கொண்டாள். அப்படி வைத்து மாதக்கணக்காகியிருந்தது.

"நிஜமாவே தனியாவா பண்ணீங்க?"

மனைவியும் அவன் முகத்தையே பார்த்தாள். அந்தப் பார்வையில் இருந்ததை இழக்க அவனுக்கு மனசில்லை.

"தனியாத்தான்."

வண்டி சரிவில் இறங்கத் தொடங்கியது. இருட்டும் நேரம். மழைநீர் அவர்களோடு சேர்ந்து ஓடியது. கீழே, சரிவு முடியும் இடத்தில், பெரிய சாலையில் லாரிகள் விளக்கைப் போட்டுக்கொண்டு குறுக்கே போய்க்கொண்டிருந்தன. மகள் பள்ளிக்கூடத்தில் நடந்த எதையோ சொல்லிச் சிரித்தாள். மனைவியும் சிரித்தாள். அவன் காலைத் தூக்கி பிரேக்கில் வைத்தான்.

காலுக்கடியில் பெடல் ரப்பர் இல்லை.

செருப்பின் மெல்லிய அடிப்பாகத்துக்குக் கீழே மேடாக ஒன்று. வெதுவெதுப்பு. எலும்புகளின் வரிசை. அவன் காலுக்கும் பெடலுக்கும் நடுவே, புறங்கால் மேலே இருக்க, ஒரு வெறுங்கால்.

மிதித்தான். அது இறங்கவில்லை.

"என்னங்க, வேகமா போறீங்களே."

சொல்ல வேண்டும். வாயைத் திறந்து சொல்ல வேண்டும். இவர்கள் காதுபட. "மிதி" என்றான், உதட்டுக்குள். மகளின் சிரிப்பு நின்றது. "யார்கிட்டப்பா பேசறீங்க?"

"மிதி!"

லாரிகளின் வெளிச்சம் கண்ணாடி முழுக்க நிறைந்தது. செருப்பை உதறிவிட்டு இரண்டு காலையும் சேர்த்து ஊன்றினான். சீட்டிலிருந்து எழும்பி, முழு உடம்பையும் கொடுத்து அழுத்தினான். அடியில் இருந்த பாதம் நிதானமாகத் திரும்பியது. உள்ளங்காலை அவன் உள்ளங்காலோடு பொருத்திக்கொண்டது. ஒவ்வொரு விரலாக மடக்கி, அவன் கால் விரல்களைப் பற்றியது.

பிறகு, மெல்ல, மேலே தள்ளியது.