கடிக்கிற மைக்

காலை பத்து மணிக்குச் சவுண்டுக்காரர் அந்தப் பழைய ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் நுழைந்தார். வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. உள்ளே கதவைச் சாத்தினால் பகலுமில்லை, இரவுமில்லை. தன் மூச்சு மட்டும்தான் கேட்கும்.

ஒரு ராக் குழுவின் கடைசிக் கச்சேரியைப் பற்றிப் படம் எடுக்கிறார்கள். இருபது வருஷம் தொண்டை கிழியக் கத்தியவர்கள் அன்றோடு பிரிவதாக இருந்தார்கள். பிரிந்தார்கள். தகரம் என்று பட்டப்பெயர் வாங்கிய பாடகன் கடைசிப் பாட்டில், மேடையிலேயே, மின்சாரம் தாக்கிச் செத்தான். மழை ஈரம், விதி என்று எழுதி மூடிவிட்டார்கள். படக்காரனுக்கு அது போதும். பெரிய மனுஷர்கள் எழுதினால் யார் கேட்பது?

தகரத்தின் பொண்டாட்டி கேட்டாள். அன்றைய ஒலிப்பதிவைத் தன் காதால் கேட்ட பிறகுதான் படத்துக்குச் சம்மதம் என்றுவிட்டாள். பதினோரு மணிக்கு வருகிறாள்.

அதற்குள் ஒரு வேலை பாக்கி இருந்தது.

ஹெட்போனை மாட்டினார். மேடையும் சவுண்டு மேசையும் பேசிக்கொள்ளும் தனி மைக்கின் பதிவு ஓடியது. கூட்டத்தின் இரைச்சலுக்கு அடியில் தகரத்தின் குரல்.

“அண்ணே, மைக் கடிக்குது.”

அடுத்து, அன்று சவுண்டு மேசையில் இருந்த அவருடைய குரலே, சிரிப்போடு.

“கடிச்சா நீயும் திருப்பிக் கடிடா. பாடு, பாடு.”

எழுந்துபோய்க் கரண்டு கசிந்த அந்த மைக்கை மாற்ற இரண்டு நிமிஷம் போதும். அவர் எழுந்திருக்கவில்லை. இப்போது என்ன? செத்தவன் வந்து சாட்சி சொல்லவா போகிறான்?

இரண்டு பேச்சையும் வெட்டி எறிந்தார். திரும்ப ஓட்டினார்.

இரைச்சல். வெறும் இரைச்சல்.

“அண்ணே.”

மறுபடி அழித்தார். திரையில் அந்த இடம் வழித்த தட்டு மாதிரி கிடந்தது.

“அண்ணே. அண்ணே.”

முடி பொசுங்கும் வாடை எழுந்தது.

ஹெட்போன் பிளக்கைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டார். சத்தம் நின்றது.

கதவு திறந்தது. படக்காரனும் அவளும்.

“அண்ணன் எல்லாத்தையும் சுத்தம் பண்ணி வச்சிருப்பாரு, அக்கா” என்றான் படக்காரன்.

“சுத்தம் வேண்டாம். உள்ளது இருந்தா போதும்.”

“உள்ளதுதாம்மா. ஒரு துரும்பைக்கூடத் தொடல” என்றார் சவுண்டுக்காரர்.

அவள் அவரையே பார்த்தபடி உட்கார்ந்தாள். பிளக் செருகும்வரை காத்திருக்கவில்லை. ஹெட்போனை எடுத்துக் காதில் வைத்துக் கண்ணை மூடினாள்.

நெற்றி சுருங்கியது.

உதடு கோணியது.

“அண்ணே” என்றாள் மெதுவாக, “இது கடிக்குது.”

பிளக் இன்னும் அவர் உள்ளங்கையில்தான் இருந்தது.

கழட்டும்மா என்று கத்த வாயைத் திறந்தார். அவள் காதோரத்திலிருந்து, அறை முழுக்கக் கேட்கும்படி, சிரித்துக்கொண்டே அவருடைய குரல் பதில் சொன்னது.

“கடிச்சா நீயும் திருப்பிக் கடிடா. பாடு, பாடு.”