கடைசி விருந்தாளிக்குப் பக்கத்து இடம்

கதவு சாத்தும் சத்தம் இரண்டு முறை கேட்டது.

முதல் "டக்" சரிதான். தேநீர் அறைக்குள் கடைசியாக நுழைகிற விருந்தாளி, அந்தக் குட்டிக் கதவைக் கொஞ்சம் அழுத்திச் சாத்த வேண்டும். எல்லோரும் வந்தாயிற்று என்று பின்னறையில் காத்திருக்கும் வீட்டுக்காரிக்கு அதுதான் சேதி. இட்சுகோ அதற்காகத்தான் மண்டியிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். எழப் போன நேரத்தில் இன்னொரு "டக்". முன்னதைவிட மெதுவாக, நன்றாகப் பழகிய கை சாத்துவதுபோல.

ஹொனாமிதான் முதல் தடவை சரியாகச் சாத்தாமல் மறுபடி சாத்தியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டாள். வீட்டு வாசலையே மிதிக்காமல் வருஷக்கணக்கில் ஒசாகாவில் கிடந்த மகள், இன்று வந்திருக்கிறாள். கதவை இரண்டு தடவை சாத்தினால் என்ன, பத்துத் தடவை சாத்தினால்தான் என்ன! மாடியில் மெத்தை விரித்துவைத்திருக்கிறது. தேநீர் முடிந்ததும் "ராத்திரி தங்கிட்டுப் போயேன்" என்று கேட்க வேண்டும். அந்த ஒரு வாக்கியத்தைக் காலையிலிருந்து மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

சற்று முன்பு தோட்டத்தில் பனியைத் தட்டிக்கொண்டே குராமிட்சு வம்பிழுத்தார். கனசாவா ஊரில் இட்சுகோவுக்குப் போட்டியாகக் கிண்ணம் சேர்ப்பவர் அவர் ஒருவர்தான்.

"என்னம்மா இட்சுகோ, கிண்ணத்தைக் காட்டக் கூப்பிட்டியா, பொண்ணைக் காட்டக் கூப்பிட்டியா?"

"கிண்ணத்தைத்தான் மாமா," என்றாள் ஹொனாமி. "நான் சும்மா ஆள் கணக்குக்கு. எனக்கு ஆபரேஷன் நடந்த அன்னிக்கு அம்மா கியோட்டோவுல கிண்ண ஏலத்துல இருந்தாங்க, தெரியுமில்ல?"

"அட, விடும்மா! பாவம், அதை இன்னும் தூக்கிச் சுமக்கிறியா?" என்றார் குராமிட்சுவின் மனைவி டொயோகோ. எல்லோரும் சிரித்தார்கள். ஹொனாமியும் சிரித்தாள். இட்சுகோ மட்டும் சிரிக்காமல் பின்னறைக்குத் திரும்பினாள்.

கிண்ணம் கராட்சு என்ற ஊரின் மண்ணில் அந்தக் காலத்தில் வனைந்தது. இலையுதிர் காலத்தில் வாங்கியது. ஈர மணல் நிறம். விளிம்பில் ஒரு பக்கம் மட்டும், பல வாய்கள் பட்டுப் பட்டு வழுவழுப்பாகிவிட்ட இடம். பழம்பொருள் கடைக்காரர் ஹிரோமாச்சி அதைப் பெட்டியில் வைத்துக் கட்டும்போது தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"இதுல தேநீர் கலக்கும்போது ஒரு ஆள் பங்கு கூடப் போட்டுடுங்கம்மா. வித்தவங்க திரும்பத் திரும்பச் சொல்லிட்டுப் போனாங்க."

"எதுக்காம்?"

"கேட்டேன். தலையைக் குனிஞ்சு வணங்கிட்டுப் போய்ட்டாங்க."

இட்சுகோ சிரித்துவிட்டாள். கூடப் போடுவதாவது! ஒரே கிண்ணத்தில் கெட்டித் தேநீர் கலந்து எல்லோரும் வரிசையாகக் குடிக்கும்போது, கடைசி ஆளுக்குப் பிறகு அடியில் மிச்சம் நின்றால் வீட்டுக்காரிக்கு அளவு தெரியவில்லை என்று அர்த்தம். இட்சுகோவின் அளவு தப்பாது என்று ஊரே சொல்லும். மூன்று பேருக்கு மூன்று பங்கு. அப்படித்தான் இன்றும் அளந்து வைத்திருந்தாள்.

அறைக்குள் போனாள். காகிதச் சன்னலில் பனியின் சாம்பல் வெளிச்சம். தரைக்குழி அடுப்பில் கரி கனன்றுகொண்டிருக்க, அகில் புகையும் ஈரப் பாயின் வாடையும் ஒன்றோடொன்று கலந்து, அதற்கு அடியில் வேறொரு வாடை, ரொம்ப நாள் பூட்டிக் கிடந்த அலமாரியைத் திறந்தால் வருமே அந்த வாடை, மூக்கில் ஏறியது. குராமிட்சு, டொயோகோ, கடைசியில் ஹொனாமி. ஹொனாமிக்கு அப்பால் காலிப் பாய், அதற்கப்பால் இருண்ட மூலை. ஹொனாமி தன் இடத்தில் நேராக உட்காராமல், பக்கத்தில் ஆள் இருந்தால் இடம் விடுவோமே, அப்படி ஒதுங்கி உட்கார்ந்திருந்தாள்.

பேசக்கூடாத நேரம் அது. இட்சுகோ தேயிலைப் பொடியைப் போட்டு, வெந்நீர் விட்டு, மூங்கில் மத்தால் நிதானமாகக் குழைத்தாள். பச்சை வாசனை எழும்பியது. அடுப்பிலிருந்த வெந்நீர்க் கெண்டியின் இரைச்சல் திடீரென்று நின்றது. கரி எரிந்துகொண்டுதான் இருந்தது. ஆவியும் வந்துகொண்டுதான் இருந்தது. சத்தம் மட்டும் இல்லை.

குராமிட்சு மனைவியின் பக்கம் திரும்பிக் குனிந்து, "உங்களுக்கு முன்னாடி நான் குடிக்கிறேன்," என்று வழக்கப்படி சொன்னார். கிண்ணத்தின் முகப்பில், அதன் அழகான பக்கத்தில், வாய் படக்கூடாது என்று அதை இருமுறை சிறிதாகத் திருப்பினார். குடித்தார். ஈரத்துணியால் விளிம்பைத் துடைத்து, முகப்பைப் பழையபடி திருப்பி, மனைவிக்கு நகர்த்தினார். டொயோகோ ஹொனாமியிடம் குனிந்து அதையே சொல்லி, குடித்து, துடைத்து, நகர்த்தினார்.

ஹொனாமி கடைசி. அவள் யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை. குடித்து முடித்து, காலிக் கிண்ணத்தின் முகப்பு வீட்டுக்காரியைப் பார்க்கும்படி திருப்பித் தந்துவிட்டால் சரி.

ஹொனாமி காலிப் பாயின் பக்கம் திரும்பினாள். குனிந்தாள்.

"உங்களுக்கு முன்னாடி நான் குடிக்கிறேன்."

இட்சுகோ சட்டென்று நிமிர்ந்து பார்த்தாள். விளையாடுகிறாளா? என்னைக் குத்திக்காட்டவா? ஆனால் மகளின் காதோரம் வியர்வை வழிந்துகொண்டிருந்தது, இந்தப் பனியில். ஹொனாமி சத்தமாக உறிஞ்சிக் குடித்தாள். ஒரு சொட்டு மிச்சமில்லை. இட்சுகோவின் அளவு தப்பாது. பிறகு அவள் விளிம்பைத் துடைத்தாள், கிண்ணத்தை மூலையின் பக்கம் வைத்தாள், கையை எடுத்துக்கொண்டாள்.

கிண்ணம் பாயில் தானாக நகர்ந்தது. சர்ர்.

குராமிட்சுவும் டொயோகோவும் தலை குனிந்திருந்தார்கள். நிமிரவில்லை. மூச்சு விடுகிறார்களா என்றுகூடத் தெரியவில்லை.

கிண்ணம் எழுந்தது. ஒருமுறை திரும்பியது. இன்னொருமுறை. சாய்ந்தது.

உறிஞ்சும் சத்தம். வறண்ட சத்தம். காற்றை மட்டும் இழுக்கும் சத்தம்.

மறுபடியும்.

பங்கு இல்லை. ஐயோ, அதற்குப் பங்கு இல்லை. அவள் வைக்கவில்லை.

"கலக்கித் தர்றேன்," என்றாள் இட்சுகோ. "இப்பவே... இன்னும் ஒரு பங்கு..."

பொடி வைத்த சிமிழைத் திறந்தாள். காலி. அளந்து வைத்ததல்லவா.

"அம்மா," என்றாள் ஹொனாமி. சின்னப் பிள்ளைக் குரல். "அம்மா, என் கையை யாரோ பிடிச்சிருக்காங்க. வாங்கம்மா."

இட்சுகோ எழுந்தாள். எட்டிப் பிடிக்கிற தூரம்தான். கையை நீட்டினாள். மகளின் விரல் நுனி அவள் விரல் நுனியில் பட்டது. பனிக்கட்டி.

அந்த நேரம் பார்த்து கிண்ணம் விடுபட்டது. அடுப்பு விளிம்பை நோக்கி விழுந்தது.

இட்சுகோவின் கை கிண்ணத்தை நோக்கிப் போய்விட்டது. அவள் அனுப்பவில்லை, தானாகப் போனது. இரண்டு கைகளும் போயின. பாய்ந்து, விழுந்து, முழங்கை தரையில் இடிக்க, நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தாள். அப்பாடா! விளிம்பைத் தடவிப் பார்த்தாள். கீறல் இல்லை. விரிசல் இல்லை. ஒரு மூச்சு நேரம், வெறும் சந்தோஷம்.

பிறகு நிமிர்ந்தாள்.

ஹொனாமி அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தில் பயம்கூட இல்லை. இது இப்படித்தான் நடக்கும் என்று எப்போதோ தெரிந்துகொண்ட முகம்.

அவள் தாடையின் கீழ்ச் சதை உள்ளே அமுங்கியது, கைகள் தாங்கிப் பிடித்ததுபோல. தலை சிறிதாகத் திரும்பியது. நின்றது. இன்னும் சிறிதாகத் திரும்பியது. முகம் அம்மாவைவிட்டு விலகி மூலையைப் பார்த்தது. தலை பின்னால் சாய்ந்தது.

உறிஞ்சும் சத்தம். இந்தத் தடவை வறண்டதாக இல்லை. நீளமாக, நிதானமாக, ஒரு சொட்டும் வீணாக்காத மரியாதையோடு.

இட்சுகோ கத்தினாள். குரல் வரவில்லை.

ஈரத்துணி எழுந்து போயிற்று. மெல்லத் துடைத்தது. தலை திரும்பியது. இன்னொருமுறை திரும்பியது.

பிறகு பாயில் சர்ர் என்ற சத்தம். உட்கார்ந்த வாக்கிலேயே, மடியில் கை வைத்தபடி, கண் இமைக்காமல், ஹொனாமி நகர்ந்து நகர்ந்து அம்மாவின் முழங்காலுக்கு முன்னால் வந்து சேர்ந்தாள். முகம் சரியாக அம்மாவைப் பார்த்திருந்தது. உதடுகள் சுத்தமாகத் துடைக்கப்பட்டிருந்தன. திறந்திருந்த வாய்க்குள், இருட்டு அடிவரைக்கும் தெரிந்தது.