முதல் அடி செய்தவருக்கே

மழை ஓங்கிப் பெய்யவும் இல்லை, விட்டுத் தொலைக்கவும் இல்லை. மதியத்திலிருந்து சிணுங்கிக்கொண்டே இருந்தது...

அந்த பைப் கடைக்குள் அவள் நுழைந்தபோது குடையும் சொட்டியது, கூந்தலும் சொட்டியது. காது இன்னும் சுட்டது. காலையிலிருந்து கால் சென்டரில் ஹெட்போன் மாட்டிய காது. யாரோ செய்து யாரோ விற்ற வாஷிங் மெஷின் ஓடாததற்கெல்லாம் அவள்தான் திட்டு வாங்க வேண்டும், அதற்குத்தான் சம்பளம். "மன்னிக்கணும் சார்... மன்னிக்கணும் மேடம்..." தூக்கத்தில்கூட அதையே சொல்கிறாள் என்று அப்பா கேலி செய்வார்.

"ஏசி பைப்புக்கு மேல மாட்டுவாங்களே, கறுப்பு ஃபோம்... அது இருக்கா?"

"ஒண்ணே ஒண்ணுதாம்மா இருக்கு. அந்த மூலையில பாரு," என்றார் கடைக்காரர், கால்குலேட்டரிலிருந்து தலையை எடுக்காமல்.

இது மூன்றாவது கடை. அப்பாடா என்று ஓடிப்போய்ப் பிடித்தாள். ஆள் உயரத்துக்கு நின்ற அந்தக் கறுப்புக் குழல் இழுத்த இழுப்புக்கு வரவில்லை. அதன் மறுமுனை இன்னொரு கையில் இருந்தது.

"ஹலோ... இதை நான் எடுத்தாச்சு."

"நீங்க வர்றதுக்கு முன்னாடியே நான் இதைப் பார்த்துக்கிட்டிருக்கேங்க."

"பார்த்துட்டா உங்களுதாயிடுமா? பில் போட்டீங்களா?"

"நீங்க போட்டீங்களா?"

கண்ணாடி போட்டவன். கண்ணாடிக்குள் தூக்கம் போதாத இரண்டு கண்கள். சண்டைக்கு வருகிறவன் மாதிரியும் இல்லை, விட்டுக்கொடுக்கிறவன் மாதிரியும் இல்லை. அவளைவிடக் களைத்திருந்தான். களைப்பில்கூடத் தன்னை மிஞ்ச ஓர் ஆள் வந்துவிட்டானே என்று அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

"எந்த பைப்புக்குங்க?" என்று கேட்டான்.

"வீட்டுல... தண்ணி பைப்புக்கு." வேலைக்குப் போகிற பெண், வாள் செய்ய வேண்டும் என்று கடையில் நின்று சொல்ல முடியுமா? "உங்களுக்கு?"

"எனக்கும் அதேதான். தண்ணி பைப்."

அவனும் புளுகுகிறான் என்பது அடுத்த நொடியே தெரிந்துபோயிற்று. பேச்சோடு பேச்சாக, கைப்பழக்கத்தில், அவன் தன் பக்கத்து முனையை வளைத்துத் தன் தோளிலேயே பட்டென்று அடித்துப் பார்த்தான். அதே சமயம் அவளும் தன் பக்கத்து முனையால் தன் கழுத்தோரம் ஒரு தட்டுத் தட்டியிருந்தாள்...

இருவரும் அப்படியே நின்றார்கள்.

தண்ணீர்க் குழாய்க்கு ஃபோம் வாங்க வருகிறவர்கள் யாரும் அதைக்கொண்டு தன்னைத்தானே அடித்துப் பார்ப்பதில்லை. அப்படிச் செய்கிற கூட்டம் உலகத்தில் ஒன்றுதான். ஆறு நாளும் வேலையில் தேய்ந்துவிட்டு, ஞாயிறானால் வேஷம் கட்டிக்கொண்டு மைதானத்துக்குப் போய், ராஜா, தளபதி, சூனியக்காரி என்று ஆளுக்கொரு பாத்திரமாக மாறி, வீட்டில் செய்த ஃபோம் ஆயுதங்களால் மோதிக்கொள்ளும் பைத்தியக்காரக் கூட்டம்.

"வாளா?" குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"வாள்தான்... உங்களுக்கு?"

"கோடரி. பரவாயில்ல, நீங்க எடுத்துக்கோங்க. கோடரிக்கு இந்த வாரம் யாரும் அழல."

சிரித்துவிட்டாள். சிரித்து எத்தனை நாள் ஆகிறது என்று அவளுக்கே நினைவில்லை.

கடை வாசலில் மழைக்கு ஒதுங்கி நின்றார்கள். சேர்த்து வைத்த சாமான்களை அவள் பெருமையாகச் சொன்னாள். உள்ளே வைக்கிற கம்பி, யாரோ தூக்கிப் போட்ட கூடாரத்துடையது. கைப்பிடிக்குச் சுற்ற, சைக்கிள் கடையில் கேட்டு வாங்கிய கிழிந்த டியூப். ஒட்டுவதற்கு, செருப்புத் தைக்கிறவர் கொடுத்த மஞ்சள் பசை. ஃபோம்தான் பாக்கி இருந்தது.

அவள் பேசி முடிக்கும்வரை அவன் கண்ணெடுக்காமல் கேட்டான்.

"என்ன சார், அப்படிப் பார்க்கறீங்க?"

"தொழில்தோஷங்க. கண்ணாடிக் கடையில கண் டெஸ்ட் பண்றேன். காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் அடுத்தவங்க கண்ணுதான்."

"என் கண்ணு எப்படி இருக்கு?"

கொஞ்சம் யோசித்தான். "தூங்கணும்னு கெஞ்சுது."

அவள் மழையைப் பார்த்துக்கொண்டாள். வேறு யாராவது சொல்லியிருந்தால் கோபம் வந்திருக்கும். இவன் சொன்னபோது வரவில்லை...

"அந்தப் பசை மட்டும் ஜாக்கிரதைங்க. ரெண்டு பக்கமும் தடவிட்டு, தொட்டா விரல்ல ஒட்டாம இருக்கற அளவுக்குக் காயணும். அவசரப்பட்டு ஈரத்துல சேர்த்துட்டா நிக்காது."

"தெரியும் சார். இது எனக்கு முதல் வாள் இல்ல," என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு மழையில் இறங்கி நடந்தாள். தெருமுனையில் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பார்த்திருக்க வேண்டாம்.

தெரிந்ததைச் செய்யத் தெம்பும் வேண்டுமே!

அப்பாவுக்குப் போன வருஷம் பக்கவாதத்தில் வலப்பக்கம் விழுந்துவிட்டது. பகலில் பக்கத்து வீட்டு அக்கா பார்த்துக்கொள்வாள், மாலையிலிருந்து இவள். ஞாயிறு மட்டும் அண்ணன் வருவான். அதனால்தான் அவளுக்கு மைதானம் என்று ஒன்று இருந்தது. அங்கே அவள் தளபதி. யாரிடமும் மன்னிப்புக் கேட்கத் தேவையில்லாத ஒரே இடம்.

சனிக்கிழமை சாயங்காலம், ஃபோமை அளந்து வெட்டிப் பசை தடவியிருந்த நேரத்தில் அண்ணனிடமிருந்து போன் வந்தது.

"மாற்றல் வந்துடுச்சும்மா. புதன்கிழமையே கிளம்பணும். இந்த ஞாயித்துக்கிழமை வந்துடறேன். அதுக்கப்புறம்... நீ எப்படியாவது சமாளிச்சுக்கோ."

"சரிண்ணா," என்றாள். வேறு என்ன சொல்வது?

அப்போ நாளையோட சரி... கடைசி ஆட்டம். கடைசி வாள்.

அப்பா தண்ணீர் கேட்டார். பிறகு தலையணையைச் சரிசெய்யச் சொன்னார். அவள் திரும்பி வந்து பசையைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. கம்பியை வைத்து இரண்டு பாதியையும் சேர்த்து அழுத்தி, மேலே வெள்ளி நிற டேப்பைச் சுற்றினாள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சாப்பிடாமலே தூங்கிப்போனாள்.

மைதானத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆயுதம் எதுவானாலும் சோதனை மேஜைக்குப் போக வேண்டும். சோதிக்கிறவர் அதை வளைப்பார், நுனியை அமுக்குவார், கடைசியில் அதைச் செய்தவர் முதுகிலேயே ஓங்கி ஒன்று போடுவார். முதல் அடி செய்தவருக்கே. அது வலிக்காவிட்டால்தான் ஆயுதம் களத்துக்குப் போகும்.

"புது ஆள் வந்திருக்காராம் தளபதி. ரொம்பக் கறாராம்," என்றாள் சூனியக்காரி. மற்ற நாளில் அவள் பல் டாக்டரின் உதவியாளர்.

மேஜைக்குப் பின்னால்... அவன். அதே கண்ணாடி, அதே தூக்கம் போதாத கண்கள். அவளைப் பார்த்ததும் அந்தக் கண்கள் விழித்துக்கொண்டன.

அவளுக்குள் ஏதோ துள்ளியது. நம்ம ஆள்! ஃபோமையே தூக்கிக் கொடுத்தவன். வாளைச் சிரித்துக்கொண்டே நீட்டினாள்.

அவன் வளைத்தான். நுனியைக் கட்டைவிரலால் அமுக்கினான். அவள் சிரிப்பு அடங்கியது. இன்னொரு முறை அமுக்கினான்.

"இது வேணாங்க."

"என்னது?"

"உள்ள பசை பிடிக்கல. கம்பி நழுவுது. நாலு அடி அடிச்சா நுனியைக் கிழிச்சிட்டு வெளிய வந்துடும்."

வரிசையில் நின்ற அத்தனை பேரும் பார்த்தார்கள். அவளுடைய படையும் பார்த்தது. வாரம் முழுக்க முகம் தெரியாதவர்களிடம் திட்டு வாங்குவது போதாதென்று இங்கேயுமா?

"அன்னிக்குக் கடையில ஃபோமை விட்டுக்கொடுத்தீங்க, அதுக்கு இப்போ எல்லார் முன்னாடியும் பழி வாங்கறீங்களா?"

"பழியா? நான் ஏங்க..." அவன் நிறுத்தி, மெதுவாகச் சொன்னான். "ஞாயித்துக்கிழமை விளையாடினவங்க திங்கக்கிழமை என் முன்னாடி வந்து உட்கார்ந்திருக்காங்க. ஒரு கண்ணை மூடிக்கிட்டு. அந்தப் பக்கம் ஒண்ணும் தெரியலைன்னு சொன்னாங்க. அதுக்கு நான் போட்டுக் கொடுக்க கண்ணாடி இல்லைங்க."

அவள் வாளைப் பிடுங்கிக்கொண்டு மரத்தடிக்குப் போய் உட்கார்ந்தாள். அழுகை வந்தது. அவன் சொன்னது சரி என்பதுதான் இன்னும் அழவைத்தது.

களத்தில் கொம்பு ஊதினார்கள். தளபதி இல்லாமலே படை போயிற்று...

மேஜையை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டு அவன் வந்தான். கையில் கத்தியும் ஒரு டப்பா பசையும்.

"நகருங்க கொஞ்சம்."

"வேணாம் சார். யாரோட இரக்கமும் எனக்கு வேணாம்."

"இரக்கமெல்லாம் இல்ல. அது பாதி என்னோட ஃபோம். வீணாகறதைப் பார்த்துக்கிட்டு நிக்க முடியாது."

டேப்பை உரித்தார்கள். பசை உள்ளே இன்னும் பிசுபிசுவென்று ஈரமாகவே இருந்தது. துடைத்துவிட்டுப் புதிதாகத் தடவினார்கள். கம்பி நுனிக்குத் தொப்பி போடத் தோல் எதுவும் கிடைக்கவில்லை. அவன் சட்டைப் பையிலிருந்து தன் கண்ணாடி உறையை எடுத்தான். அவள் தடுப்பதற்குள் கத்தியால் ஒரு துண்டு வெட்டிவிட்டான்.

"அய்யோ, நல்ல உறை சார்!"

"கடையில வேலை பார்க்கறவனுக்கு உறைக்கா பஞ்சம்?"

இனிக் காய வேண்டும். அதற்கு யாராலும் எதுவும் செய்ய முடியாது. மரத்திலிருந்து மிச்ச மழை ஒவ்வொரு துளியாக விழுந்தது. கை இரண்டும் சும்மா இருந்த அந்த நேரத்தில் அவளுக்கு அடக்கி வைத்த களைப்பெல்லாம் ஒன்றாக வந்தது. அப்பாவைச் சொன்னாள், அண்ணனைச் சொன்னாள், இது கடைசி ஞாயிறு என்பதைச் சொன்னாள்.

"அதான் அவசரப்பட்டுட்டேன்... தெரியாம இல்ல."

அவன் பசையைத் தொட்டுப் பார்த்தான். இன்னும் ஒட்டியது.

"எனக்கு இங்க சோதனை வேலை மட்டும்தாங்க. பத்து மணிக்கு முடிஞ்சுடும்," என்றான். "அடுத்த வாரத்திலேருந்து அதுக்கப்புறம் நான் வந்து அப்பாவோட இருக்கேன். நீங்க இங்க சண்டை போடுங்க."

"அதெல்லாம் சரியா வராது. ஒரு கடையில பார்த்தோம், அவ்வளவுதான். யாருன்னு உங்களை வீட்டுக்குள்ள விடறது? எங்க கஷ்டத்தை நாங்களே பார்த்துக்குவோம்."

"நியாயம்தான்," என்றான். குரல் இறங்கிவிட்டது. "ஆனா பாவம்னு நினைச்சுச் சொன்னேன்னு மட்டும் நினைக்காதீங்க. அன்னிக்கு உங்க கண்ணு தூங்கணும்னு கெஞ்சுதுன்னு சொன்னேன்ல... அன்னியிலேருந்து எனக்குத் தூக்கம் இல்ல. உங்களைப் பிடிச்சிருக்குங்க. இதைக் கொஞ்சம் காய விட்டுத்தான் சொல்லணும்னு இருந்தேன். நீங்க கடைசி ஞாயிறுன்னு சொன்னதும் வாய் முந்திக்கிச்சு."

அவள் விரலை நீட்டிப் பசையைத் தொட்டாள். ஒட்டவில்லை. இருவரும் சேர்ந்து, நுனியிலிருந்து அடிவரை, அழுத்தி அழுத்தி மூடினார்கள். டேப் சுற்றி முடித்ததும் அவன் எழுந்து நின்று முதுகைக் காட்டினான்.

"அடிங்க."

"நீங்கதானே சோதிக்கிறவர்?"

"இதை நானும்தானே செஞ்சேன்? முதல் அடி எனக்கு."

வாளை ஓங்கினாள். தளபதியின் அடி அது, ஈவு இரக்கம் பார்க்காத அடி. 'தொப்'பென்று ஒரு சத்தம் வந்தது. அவன் அசையவில்லை.

பழக்கத்தில் அவள் வாய் "மன்னி..." என்று ஆரம்பித்தது. அப்படியே நின்றது. இங்கே அந்த வார்த்தை கிடையாது. அவனிடமும் தேவைப்படவில்லை.

"வலிச்சுதா?"

"துளிகூட இல்ல."

களத்திலிருந்து "தளபதி! தளபதி!" என்று கூப்பிட்டார்கள். அவள் ரெண்டடி ஓடி, நின்று, திரும்பினாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது, ஆனாலும் சிரித்தாள்.

"வியாழக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வாங்க, நான் இருக்கும்போது. அப்பா உங்களைப் பார்க்கட்டும். ஒரு கையாலதான் சீட்டு ஆடுவார், ஆனா நல்லா ஏமாத்துவார். அவருக்குப் பிடிச்சுப்போச்சுன்னா, ஞாயித்துக்கிழமை உங்ககிட்ட விட்டுட்டு வரேன்."

"உங்களுக்குங்க?"

"எனக்கு அன்னிக்கே பிடிச்சுப்போச்சு," என்றாள். "தெருமுனையில திரும்பிப் பார்த்தேனே... நீங்க கவனிக்கலையா?"

அவன் பதில் சொல்வதற்குள் அவள் வாளைத் தூக்கிக்கொண்டு களத்துக்கு ஓடிவிட்டாள்.