கொத்திய கல்

குமிழ்நகரில் காலை என்றால் வரிசைதான். குழாயடியில் ஆளுக்கொரு கிண்ணம் பச்சைப் பாசிக்கூழ். குடித்ததும் காப்புடையை மாட்டிக்கொண்டு சூரியத்தகடுகளில் படிந்த செந்தூசியைத் துடைக்கப் போக வேண்டும். செவ்வாய்க் கிரகத்திலேயே பிறந்த நப்பின்னைக்கு வேறு மாதிரியான காலை தெரியாது. அன்று தகடு துடைக்கப் போனவள் ஒரு கல்லை அணைத்துக்கொண்டு நேராக ஆய்வகத்துக்கு வந்தாள்.

"என்னத்தத் தூக்கிட்டு வர்றே?" என்றார் வேதியியலாளர் இருதயராஜ்.

"பாருங்கண்ணே. புயல் ஒரு மேட்டையே வழிச்சுட்டுப் போயிருக்கு. அதுக்கடியில கெடந்துச்சு."

கறுத்த, தட்டையான கல். மேற்பரப்பு முழுவதும் சிறுசிறு குழிகள், சாய்வான வரிசைகளில். நப்பின்னை பாறைகளைப் படித்தவள். காற்று இப்படி வரிசை பிடித்துக் குழி போடாது என்று அவளுக்குத் தெரியும். கல்லைக் கல்வாசிக் கருவிக்குள் வைத்தாள். ஒளிக்கற்றை மேய்ந்து முடித்ததும் திரையில் பதில் வந்தது: 'திட்டமிட்டுச் செய்தது. அறிந்த எந்த எழுத்தோடும் பொருந்தவில்லை.'

அவள் அதை இரண்டாம் முறை படித்தாள். வேற்று அறிவுயிர் இருந்த தடம் கிடைத்தால் மனிதர்கள் அந்தப் பள்ளத்தாக்கைக் காலிசெய்ய வேண்டும் என்பது பூமி வகுத்த சட்டம். பிரபஞ்சத்தில் நாம் தனியாக இல்லை என்று சொல்லும் முதல் ஆள் அவளாக இருக்கலாம். ஊரை இழக்கவைத்தவளும் அவளாகவே இருக்கலாம்.

சேதி கேட்டு நகரத் தலைவி கமருன்னிசா வந்து நின்றாள்.

"மனுஷங்க செஞ்சது இல்லையா?"

"இன்னும் சொல்ல முடியலக்கா."

"சீக்கிரம் சொல்லு. கப்பலைக் கூப்பிடணும்னா இத்தனை பிள்ளைங்களையும் நான் தயார் பண்ணணும்."

நப்பின்னை நுண்ணோக்கியில் குனிந்தாள். குழிகளுக்கடியில் இன்னும் பழைய குழிகள் தெரிந்தன. அவற்றின் விளிம்புகள் வழவழவென்று தேய்ந்திருந்தன. அவற்றின் மேலேயே புதிதாகக் கொத்தியிருந்தார்கள். அதுவும் தேய்ந்து, அதன்மேல் மறுபடியும் கொத்தல்.

"அண்ணே, எழுத்துன்னா யாராவது இப்படித் தேய்ப்பாங்களா? குழிக்குள்ள ஏதோ ஒட்டியிருக்கு. என்னன்னு பாருங்க."

இருதயராஜ் ஊசிமுனையால் சுரண்டி எடுத்து ஒரு துளி அயோடின் விட்டார். துகள் நீலக் கறுப்பாக மாறியது. அவர் நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார்.

"மாவு" என்றார். பிறகு துகளின் வடிவத்தைத் திரையில் பெரிதாக்கி ஒப்பிட்டார். "கேழ்வரகு மாவு."

"அப்ப இது படிக்கிற கல் இல்லண்ணே. அரைக்கிற கல். அம்மி. வழுக்காம இருக்கத்தான் கொத்தியிருக்காங்க."

கமருன்னிசாவின் தோள்கள் தளர்ந்தன. "பூமியிலேர்ந்து கொண்டு வந்த தானியமா?"

"இல்லக்கா" என்றார் இருதயராஜ். அதற்குள் இன்னொரு துகளை உப்புச் சோதனைக்கு வைத்துப் பார்த்திருந்தார். "இந்த மண்ணோட நச்சு உப்பு மாவுக்குள்ளேயே இருக்கு. ரொம்பக் கொஞ்சமா. மண்ணைக் கழுவி, இங்கேயே விதைச்சிருக்காங்க."

இரண்டு தலைமுறைக்கு முன் வந்திறங்கிய முதல்குழுவிடமிருந்து தகவல் நின்றுபோனபோது, முதல் அறுவடையைத் தின்று நஞ்சேறி இறந்திருப்பார்கள் என்று பூமி முடிவு கட்டியது. அதிலிருந்து செவ்வாய் மண்ணில் விதைப்பது குற்றம். அந்த மண்ணை வெறுங்கையால் தொடவே கூடாது என்று சொல்லித்தான் குமிழ்நகரில் பிள்ளைகளை வளர்த்தார்கள்.

"ஒரு அம்மி இவ்வளவு தேய எவ்வளவு காலம் ஆகும்?" என்று கேட்டாள் கமருன்னிசா.

"வருஷக்கணக்கா ஆகும்க்கா. அவங்க சாகல. அரைச்சுத் தின்னு வாழ்ந்திருக்காங்க. ஒடஞ்சது ஆன்டெனா மட்டும்தான் போல." நப்பின்னைக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

பூமியின் உத்தரவால் பூட்டியே கிடந்த விதைப் பெட்டகத்தை அன்றே கமருன்னிசா தன் பொறுப்பில் திறந்தாள். பூமிக்கு அனுமதி கேட்கவில்லை. சேதி மட்டும் அனுப்பினாள். இருதயராஜ் மண்ணைக் கழுவிக் கழுவிச் சோதித்துக் கொடுத்தார். குமிழுக்குள் ஊரே வட்டமாகக் கூடி நின்று பார்க்க, நப்பின்னை கையுறையைக் கழற்றினாள். கூட்டத்தில் யாரோ பயந்து மூச்சை இழுத்தார்கள். ஈர மண் குளிர்ந்திருந்தது. விரலால் குழி பறித்து விதையைப் போட்டு மூடினாள்.

முளை வந்த அன்று ஊரில் யாரும் வேலைக்குப் போகவில்லை. நினைவுச் சுவரில் முதல்குழுவினரின் பெயர்களுக்கு நேரே இருந்த இறந்த ஆண்டை அழிக்கச் சொன்னாள் கமருன்னிசா.

"அந்த எடத்துல என்னக்கா போடுறது?" என்று கேட்டாள் நப்பின்னை.

"ஒண்ணும் போடாதே. அவங்க எது வரைக்கும் இருந்தாங்கன்னு போய்த் தேடுவோம்."