டிக்கி விளக்கு

நான்காவது மாடியில், சமையலறையில் வைத்தால் அந்த பாட்டரி இறங்கவே இல்லை. காரில் மாட்டினால்தான் செத்தது. பனிக்காலம் வந்தால் பாட்டரியைக் கழற்றி வீட்டுக்குத் தூக்கி வருவது அந்தக் குடியிருப்பில் எல்லோரும் செய்வதுதான், நெவேனாவும் தூக்கினாள். ஆனால் இது போன மாதம் வாங்கிய புது பாட்டரி. முதலில் மூன்று நாள் தாங்கியது, பிறகு ஒரு இரவு. நேற்று கடையில் ரொட்டி வாங்கிக்கொண்டு திரும்புவதற்குள் படுத்துவிட்டது.

நாளைக் காலை அவள் மகள் ராலிட்சாவுக்கு சோஃபியாவில் இதய அறுவை சிகிச்சை. ஏழு மணிக்குள் அங்கே இருக்க வேண்டும், அந்த நேரத்துக்கு பஸ் கிடையாது. மலைப்பாதையில் மூச்சு முட்டும்போதெல்லாம் குழந்தைக்காக வண்டியை நிறுத்தியாக வேண்டும். நிறுத்திய இடத்தில் கார் செத்தால்?

மாலை நான்கு மணிக்கே வாசலில் வெளிச்சம் வடிந்துகொண்டிருந்தது. நிலக்கரிப் புகை பனியோடு சேர்ந்து தொண்டையில் கரகரத்தது. வீட்டில் தனியாக இருக்க மாட்டேன் என்று அடம்பிடித்த ராலிட்சா பின்சீட்டில் போர்வைக்குள் முணுமுணுவென்று பாடிக்கொண்டிருந்தாள். கதவைத் திறந்தால் உள்விளக்கு எரிந்து, பாட்டரியை அளக்கிற கணக்கு கெட்டுவிடும். அதனால், என்ன ஆனாலும் திறக்கக் கூடாது என்று நெவேனா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

கீழ்வீட்டு க்ராசிமிர் முன்னாள் மெக்கானிக். கெஞ்சியதற்காக வந்தார், வந்ததிலிருந்து திட்டினார். பாட்டரியின் ஒரு வயரைக் கழற்றி, நடுவில் மீட்டரைக் கோத்தார். எட்டு ஆம்பியர். சும்மா நிற்கிற காரில் அரைகூட வரக்கூடாதாம். ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். டிக்கி விளக்கின் ஃபியூஸைப் பிடுங்கியதும் எண் பூஜ்யத்துக்கு விழுந்தது. ஃபியூஸைத் திரும்பச் செருகி, சுண்டுவிரல் நுனியளவு இருந்த பல்பைக் கழற்றினார். அப்போதும் பூஜ்யம்தான்.

“இத்தனூண்டு பல்பு எட்டு ஆம்பியர் குடிக்காதே,” என்று முகம் சுளித்தார். “யார் வண்டி இது?”

“ஹரலாம்பியோடது, அண்ணே. அவர் பொண்டாட்டி ரூஜா வித்தாங்க.”

“அவன் செத்து நாப்பது நாள் ஆச்சா?”

நெவேனா பின்சீட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவர் பல்பை அவள் உள்ளங்கையில் போட்டுவிட்டு, கையைக் கோட்டில் துடைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போனார்.

நாற்பது நாள் ஆகவில்லை. அவர் செத்த ஒன்பதாம் நாளே காரை வாங்கிவிட்டாள். நாற்பது நாள் முடியும்வரை செத்தவர் பொருள் வீட்டைவிட்டுப் போகக் கூடாது, அவருக்காக ஒரு விளக்கு அணையாமல் எரிய வேண்டும். அது தெரியாதவள் இல்லை அவள். ஆனால் கார் வேண்டியிருந்தது. அன்று ரூஜாவின் வீட்டில் அவர் படத்துக்கு முன்னால் விளக்கே இல்லை. “அந்த ஆளுக்கு நான் விளக்கேத்த மாட்டேன். இருட்டுலயே கிடக்கட்டும்,” என்று சொல்லிச் சாவியை மேஜையில் எறிந்தாள் ரூஜா.

நெவேனா மீட்டரைப் பார்த்தாள்.

எட்டு.

பல்பு அவள் கையில்தான் இருந்தது. ஃபியூஸையும் பிடுங்கினாள். எட்டு.

மூடிய டிக்கிக்குள் எது எரிகிறது என்று பார்க்க ஒரே வழிதான் இருந்தது. செல்போனில் வீடியோ பதிவை ஓடவிட்டு, உள்ளே சாய்த்து வைத்து, மூடினாள். மூடி இறங்கிய சத்தம் எதிர்க் கட்டடத்தில் பட்டுத் திரும்பியது. நூறுவரை எண்ணினாள். திறந்தபோது உருகிய மெழுகு வாசனை வந்தது. காலியான டிக்கி, ஸ்டெப்னி, பழைய கம்பளி. செல்போனை எடுத்துக்கொண்டு மூடியை அறைந்து சாத்தினாள்.

பானட்டருகே நின்று வீடியோவைப் பார்த்தாள். இருட்டு. சீட்டுக்குப் பின்னாலிருந்து ராலிட்சாவின் பாட்டு மெல்லக் கேட்டது. கூடவே இன்னொரு மூச்சு, கிட்டத்தில். பிறகு மஞ்சள் வெளிச்சம். ஒரு ஆணின் கை. மோதிரம் கழற்றிய விரலில் வெள்ளைத் தடம். பல்பு இல்லாத குழியில் கட்டைவிரலை அழுத்திப் பிடித்திருந்தது அந்தக் கை. விரல் நுனி எரிந்தது.

நிமிர்ந்தாள். டிக்கி மூடியின் விளிம்பு நெடுகிலும் மஞ்சள் கோடு.

யோசிக்கவில்லை. பாட்டரியின் இன்னொரு வயரையும் பிடித்து இழுத்துப் பிடுங்கினாள். பாட்டரிக்கும் காருக்கும் இனி ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

மீட்டரில் பூஜ்யம். மஞ்சள் கோடு மங்கியது. அணைந்தது. அப்பாடா என்றிருந்தது அவளுக்கு.

பின்சீட்டின் முதுகு பாதி மடியும் சத்தம் கேட்டது.

பாட்டு நின்றது.

ஓடினாள். கதவு உள்ளேயிருந்து பூட்டியிருந்தது, சாவி முன்சீட்டில் கிடந்தது. கண்ணாடியில் அறைந்தாள். “ராலிட்சா, திறடி. அம்மாடி, திற.”

குழந்தை மெதுவாகத் தலையாட்டியது. “திறக்கக் கூடாதுன்னு நீதானேம்மா சொன்ன.”

குழந்தையின் தோளுக்குப் பின்னாலிருந்து நீண்ட கை, போர்வைக்குள், நெஞ்சின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தியது. விரல் நுனியில் வெளிச்சம் பிடித்தது. முதலில் மஞ்சளாக. பிறகு வெள்ளையாக. பாட்டரியில் ஒருநாளும் எரியாத அளவுக்கு.

ராலிட்சாவின் தலை மெல்லச் சாய்ந்தது. பானட்டுக்குள் மீட்டர் பூஜ்யத்தையே காட்டிக்கொண்டிருந்தது.