யார் வீட்டுக்குப் போறீங்க?

பெருமாள்மலையில் நல்ல மழை... வடகவுஞ்சி பஸ்ஸைத் தவறவிட்டு, சத்தியபிரியா கடையோரம் ஒதுங்கி நின்றாள். கேரட் மூட்டைகளை இறக்கிவிட்டுத் திரும்பிய பிக்கப் வேன் ஒன்று அவளருகே நின்றது.

"வடகவுஞ்சிதான் போறேன்... வெரசா ஏறுங்க!"

அழைத்தவனின் கண்களில் குறும்பு. ஏறிக்கொண்டாள்.

"ஊருக்குள்ள என்ன சோலி?"

"சோசியல் ஒர்க்கர்ங்க."

"சேவையா? அரிசிப்பை எதையும் காணோமே..."

"சேவை இல்ல, தொழில். படிச்சிட்டு சம்பளத்துக்குப் பாக்குறேன். மனசு ஒடிஞ்சவங்க தானா எந்திரிக்கிற வரைக்கும் கூட நிக்கிற வேலை."

"யார் வீட்டுக்குப் போறீங்க?"

"அதச் சொல்லக் கூடாதுங்க."

"ஆத்தாடி... பெரிய ரகசியம்!"

அவளும் சிரித்துவிட்டாள். சிரித்து எத்தனை நாளாயிற்று! ஊரார் துக்கத்தையெல்லாம் கேட்டுவிட்டு வாடகை அறைக்குத் திரும்பினால், அவளிடம் ஒரு வார்த்தை பேச ஆளில்லை.

வண்டியை விட்டிறங்கி இருவரும் ஒரே சந்தில் நடந்தார்கள். ஒரே வாசலில் நின்றார்கள். அவன் முகம் சுருங்கிப்போனது.

"எங்கம்மாவயா பாக்க வந்தீங்க? அவங்களுக்கு என்ன பைத்தியமா?"

"ஆஸ்பத்திரி நர்சம்மா சொன்னாங்க. உங்கம்மாவும் சரின்னாங்க. அதான் வந்தேன்."

கணவர் இறந்ததிலிருந்து படுக்கையே கதியென்று கிடந்த சின்னத்தாய், வெள்ளிதோறும் அவளிடம் கொஞ்சம் கொஞ்சமாகப் பேசினாள். மகன் யோகேஷ் முதலில் முறைத்தான். பிறகு டீ போட்டுக் கொடுத்தான். டம்ளரை நீட்டும்போது அந்தக் கண்கள்... ஐயோ, வாரம் முழுக்க அவளுக்கு அதே நினைப்பு! ஆனால், தான் பார்க்கும் குடும்பத்தில் மனதைக் கொடுப்பது இந்தத் தொழிலில் பெரிய தப்பு. அதை அறையில் தனியே கிடந்து சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். மனம் கேட்கவில்லை.

சின்னத்தாய் மறுபடி தோட்ட வேலைக்குக் கிளம்பிய சமயம், சத்தியபிரியா அவளிடம் பக்குவமாகச் சொல்லி, அந்த வீட்டை இன்னொரு ஊழியரிடம் ஒப்படைத்தாள். அன்று வெள்ளி அல்ல; யோகேஷ் வீட்டில் இல்லை.

இரண்டு நாள் கழித்து, ஆபீஸ் வாசலில் நனைந்தபடி வந்து நின்றான்.

"வேற ஆள்கிட்ட தள்ளிவிட்டுட்டீங்களே... எங்க வீடு அவ்வளவு சலிச்சுப் போச்சா?"

"சலிக்கலங்க... உங்கம்மாவுக்காக வந்தவ, உங்களப் பாக்குறதுக்குன்னே வர ஆரம்பிச்சுட்டேன். அப்படி ஒருத்தி அந்த வேலையப் பாக்கக் கூடாது யோகேஷ். எங்க ஆபீஸ் மேடம்கிட்டயும் இதையேதான் சொன்னேன்."

அவன் கோபம் எங்கே போனதோ!

"வெள்ளிக்கிழமையானா வண்டி ரிப்பேருன்னு பொய் சொல்லிட்டு வீட்லயே கெடந்தேங்க... எதுக்குன்னு நெனச்சீங்க?"