இருபத்தைந்தாம் ஆணி

மேட்னி ஆட்டத்துக்கு மணி அடிக்கிற நேரத்தில் பொன்வேல் டாக்கீஸ் வாசலில் பெண்கள் வரிசை எப்போதும் போலத்தான் வந்து நின்றது. தொண்ணூற்றாறாம் வருஷம், வைகாசி வெயில். காலையில் களை வெட்டவும் புல் அறுக்கவும் போன பெண்கள், வீட்டுக்குப் போனால் புருஷன்மார் வேலை வைப்பார்கள் என்று வரப்பிலிருந்து நேராகவே படம் பார்க்க வந்துவிடுவார்கள். இடுப்பில் பல் வைத்த பன்னருவாள் செருகியிருக்கும். வாயில் வெற்றிலை.

முன்பெல்லாம் அருவாளோடேயே உள்ளே போய், அதைக் காலடியில் போட்டுக்கொண்டு, கதாநாயகி அழும்போது கூடவே அழுதுவிட்டு வருவார்கள். அந்த வருஷம் அது நின்றது. எங்கோ ஒரு கொட்டகையில் வெட்டுக்குத்து நடந்துபோக, ராஜபாளையம் வட்டாரத்தில் எல்லாத் தியேட்டரிலும் ஆளைச் சோதித்துத்தான் உள்ளே விட வேண்டும் என்று போலீஸ் சொல்லிவிட்டது. ஆண்கள் பக்கம் உக்கிரபாண்டி நின்றான். பெண்கள் பக்கம் ஆவுடையம்மாள், ஆபரேட்டர் சமுத்திரத்தின் பெண்சாதி.

சாக்குத் தட்டி கட்டி மறைத்த ஓர் இடம். ஒவ்வொருத்தியாக உள்ளே வந்து, சுவரைப் பார்த்து நின்று, இரண்டு கையையும் தூக்க வேண்டும். பக்கத்தில் ஒரு பலகை. பலகையில் இருபத்தைந்து ஆணி. அருவாளை ஆணியில் மாட்டிவிட்டு அந்த நம்பர் போட்ட தகர டோக்கனைக் கொடுப்பாள். படம் முடிந்ததும் டோக்கனைக் கொடுத்து அருவாளை வாங்கிக்கொள்ளலாம். எம்புட்டுக் கூட்டம் வந்தாலும் இருபத்திநாலு ஆணிக்கு மேல் தேவைப்பட்டதில்லை. இருபத்தைந்தாம் நம்பர் டோக்கன் டப்பாவின் அடியில் புதுசாகவே கிடந்தது.

ஆவுடையம்மாள் முகம் பார்ப்பதில்லை. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் பிடரியும் முதுகும்தான். கை போகிற போக்கில் ஆளைச் சொல்லிவிடுவாள். எவளுக்குப் புருஷன் அடித்த தடிப்பு இருக்கிறது, எவள் வயிற்றில் இரண்டு மாசம் தங்கியிருக்கிறது, எல்லாம் அந்தக் கைக்கு முதலில் தெரியும். அந்தக் கைதான் அவள் குடியையும் கெடுத்தது.

வெள்ளத்தாயைத் தடவிப் பார்த்த ஒரு நாளில் நடந்தது அது. வெள்ளத்தாய் பேண்டேஜ் துணித் தறியில் வேலை பார்ப்பவள். லாரி விபத்தில் புருஷனைப் பறிகொடுத்தவள். தலையில் எப்போதும் மரிக்கொழுந்து வைத்திருப்பாள், அதன்மேல் தறியின் பஞ்சு ஒட்டியிருக்கும். அவள் மடி முடிச்சில் ஆவுடையம்மாளின் விரல் பட்டபோது, வழவழவென்று, ஓரத்தில் ஓட்டை ஓட்டையாய் ஏதோ நெருடியது.

பிலிம் துண்டு.

கல்யாணமான புதிதில் சமுத்திரம் அறுந்த பிலிமை வெட்டி எடுத்துவந்து அவளுக்குக் கொடுப்பான். விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்து இருவரும் சிரிப்பார்கள். ஏழெட்டு வருஷமாயிற்று அவன் கொண்டுவருவதை நிறுத்தி. இப்போது எங்கே போகிறது என்று தெரிந்துவிட்டது. பிலிம் துண்டு ஆயுதமில்லை, பிடுங்கிக்கொள்ள முடியாது. "போ" என்றாள். வெள்ளத்தாய் சிரித்தபடி போய்விட்டாள்.

அன்று ராத்திரி அவன் சட்டையை எடுத்து மோந்து பார்த்தாள். மரிக்கொழுந்து.

"பிலிம் துண்டெல்லாம் யாருக்குக் குடுக்கிய?" என்று கேட்டாள்.

"குப்பையில போடுதேன். அது எதுக்கு ஒனக்கு?" என்று சொல்லிவிட்டுச் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

அவளுக்கு வயிறு எரிந்தது. சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை, உண்மையாகவே சோறு இறங்காமல் எரிந்தது. ஒவ்வொரு மேட்னிக்கும் அந்த உடம்பைத் தன் கையாலேயே தடவி உள்ளே அனுப்ப வேண்டும். அந்த இடுப்பு தன் இடுப்பைவிட எவ்வளவு சின்னது என்று கை தினமும் அளந்து வந்து சொல்லும். சொந்தக் கையே ஒருத்திக்கு இப்படிப் பகையாகிப் போனதை நான் வேறெங்கும் கேட்டதில்லை.

இப்படி இருக்கையில் ஒரு வெள்ளிக்கிழமை வன்னியம்பட்டியிலிருந்து சுடலையம்மாள் வந்தாள். வெள்ளத்தாயின் செத்துப்போன புருஷனுக்கு அண்ணன் பெண்சாதி அவள். தன் புருஷனும் வெள்ளத்தாய் வீட்டுக்குப் போய்வருகிறான் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவள். அது நிசமோ பொய்யோ, யாருக்கும் தெரியாது.

ஆவுடையம்மாளின் கை அவள் முதுகில் இறங்கியது. ரவிக்கைக்குக் கீழே, துண்டில் சுற்றி, வளைவாக, பல் பல்லாக ஏதோ தட்டுப்பட்டது.

கை அங்கேயே நின்றது.

"வெள்ளத்தாயி உள்ள போயிட்டாளா?" சுடலையம்மாள் சுவரைப் பார்த்தபடியே குசுகுசுத்தாள்.

இழுத்துப் போட்டுக் கூச்சல் போட்டிருக்கலாம். தட்டிக்கு அந்தப் பக்கம்தான் உக்கிரபாண்டி நிற்கிறான். ஒரு சத்தம் போதும். ஆவுடையம்மாள் சத்தம் போடவில்லை.

"போயிட்டா" என்றாள். கேட்காததையும் சொன்னாள். "மூணாவது பெஞ்சு. செவுத்தோரம்."

சண்டைக் காட்சி ஓடிக்கொண்டிருந்ததால் அலறல் யாருக்கும் விளங்கவில்லை. இடைவேளைக்கு விளக்கைப் போட்டபோது மூன்றாவது பெஞ்சில் கழுத்தறுந்து சாய்ந்து கிடந்தாள் வெள்ளத்தாய். பக்கத்திலேயே மடியில் அருவாளை வைத்துக்கொண்டு சுடலையம்மாள் உட்கார்ந்திருந்தாள்.

"நல்லா சோதிச்சியாம்மா?" என்று கேட்டார் ஏட்டையா.

"சோதிச்சேன் ஐயா. ஒண்ணுமில்ல."

சுடலையம்மாளும் காட்டிக் கொடுக்கவில்லை. அருவாளைச் சுவருக்கு மேலே வீசிப் பிறகு எடுத்திருப்பாள் என்று எழுதிக்கொண்டார்கள். அருவாள் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்குப் போனது. சீட்டு ஒட்டி, அரக்கு வைத்து, பூட்டின அறையில் வைத்தார்கள். தியேட்டரை ஒரு மாசம் மூடி வைத்தார்கள்.

இனி புருஷன் தன்னிடம் வந்துவிடுவான் என்று ஆவுடையம்மாள் நம்பினாள். வந்தான், அவள் வைத்த சோற்றைத் தின்றான். ராத்திரி சுவர் பக்கம் திரும்பி, அவளுக்குக் கேட்கக்கூடாதென்று வாயில் துண்டை வைத்துக்கொண்டு அழுதான். அந்த அழுகையைக் கேட்டபடி விழித்துக் கிடந்தவளுக்கு, உயிரோடு இருந்தவள்மேல் வந்ததைவிடச் செத்தவள்மேல் பத்து மடங்கு பொறாமை வந்தது. உயிரோடு இருந்தால் கிழவியாவாள், சண்டை போடுவாள், ஒரு நாள் அலுத்துப் போவாள். செத்தவள் அலுக்க மாட்டாள்.

ஆடி மாசம் தியேட்டரைத் திறந்தார்கள். முதல் நாள் கூட்டம் கொஞ்சம்தான். ஒன்பது அருவாள் வந்தது. வரிசை முடிந்தது என்று அவள் கையைத் துடைத்தபோது, தட்டிக்குள் இன்னொருத்தி கையைத் தூக்கிக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றாள்.

பழக்கத்தில் கை போயிற்று.

பிடரியில் ஈரம். கழுத்தைச் சுற்றி மெல்லிய வலைத் துணி, பேண்டேஜ் துணி, பல சுற்று. அது நனைந்து ஊறிப்போயிருந்தது. வெயிலில் புழுங்கும் அந்தச் சாக்கு நாற்றத்துக்கு நடுவே மரிக்கொழுந்து வாசம் எழுந்தது.

மடி முடிச்சில் பிலிம் துண்டு.

"மதினி!" உக்கிரபாண்டியின் குரல். "யாரைத் தடவிக்கிட்டு இருக்கிய? கடைசி ஆளு உள்ள போயிப் பத்து நிமிசமாச்சே!"

அவள் திரும்பினாள். மறுபடி சுவரைப் பார்த்தாள்.

சுவர் மட்டும்தான் இருந்தது.

உள்ளங்கையில் ஈரமில்லை. வெள்ளையாய்க் கொஞ்சம் பஞ்சு ஒட்டியிருந்தது.

மறுநாளும் கடைசியாக அவள் வந்தாள். அன்று மடியில் ஒரு சீப்பு. இரண்டு பல் உடைந்த சீப்பு. ஆவுடையம்மாள் வீட்டுக்கு ஓடிப்போய்ப் பார்த்தாள். கண்ணாடி மாடத்தில் சமுத்திரத்தின் சீப்பைக் காணோம். அடுத்த நாள் மடியில் சட்டைப் பொத்தான். வீட்டில் கொடியில் கிடந்த சட்டையில் பொத்தான் இருந்த இடத்தில் நூல் தொங்கியது. அவளே தைத்த நூல், நீல நூல்.

அந்த வாரம் முழுவதும் சமுத்திரம் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. ஆட்டம் முடிந்தும் வீட்டுக்கு வராமல் மேலே ஆபரேட்டர் ரூமிலேயே படுத்துக்கொண்டான். முகத்தில் மட்டும் ஒரு தெளிச்சி. புது மாப்பிள்ளைக்கு வருகிற தெளிச்சி.

"வீட்டுக்கு வந்தா என்ன?" என்று படிக்கட்டின் கீழே நின்று கெஞ்சினாள்.

"நாளைக்கு வாரேன்" என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல்.

வேறு யாராக இருந்தாலும் பயந்து வேலையை விட்டுப் போயிருப்பார்கள். ஆவுடையம்மாளுக்கும் பயம் இருந்தது. ஆனால் அதற்கு மேலே ஒன்று இருந்தது. என் வீட்டுச் சாமானை எடுத்துப் போகிறாள். ஒவ்வொன்றாய் எடுத்துப் போகிறாள். இன்றைக்கு மடியைப் பிடித்து இழுத்துவிடுவது என்று முடிவு கட்டிக்கொண்டுதான் அந்தச் செவ்வாய்க்கிழமை நின்றாள்.

வரிசை முடிந்தது. உள்ளே படம் தொடங்கியது. தட்டிக்குள் காற்று நின்றது.

மரிக்கொழுந்து வந்தது.

தூக்கிய கைகள், நனைந்த கழுத்து.

"குடுட்டி" என்று பல்லைக் கடித்தாள் ஆவுடையம்மாள். "என் புருசன் சாமானைக் குடுட்டி."

மடி முடிச்சுக்குள் கையை நுழைத்தாள்.

உள்ளே ஒரு கை இருந்தது.

வெதுவெதுப்பான ஆம்பளைக் கை. கட்டை விரலில் மெஷின் விளக்கின் கார்பன் குச்சி சுட்ட பழைய தழும்பு. பத்து வருஷம் அவள் எண்ணெய் தடவின தழும்பு. அந்தக் கை ஆசையாய் அவள் விரல்களைக் கோத்துப் பிடித்தது. எத்தனை வருஷமாயிற்று அவன் இப்படிப் பிடித்து. பயமெல்லாம் ஒரு கணம் போயிற்று. அவளும் இறுக்கிப் பிடித்தாள்.

அவள் விரலில் இருந்த கல்யாண மோதிரத்தை அந்தக் கை தடவிப் பார்த்தது.

யாருடைய கை என்று அதற்குத் தெரிந்தது.

சட்டென்று விட்டுவிட்டது.

ஆவுடையம்மாள் தட்டியைத் தள்ளிக்கொண்டு ஓடினாள். உக்கிரபாண்டி பின்னால் கூப்பிட்டது காதில் விழவில்லை. பின்பக்கத்து இரும்புப் படிகளில் தடதடவென்று ஏறினாள். ஆபரேட்டர் ரூம் கதவு பாதி திறந்திருந்தது. மெஷின் ஓடுகிற கரகர சத்தம் கேட்டது. உள்ளே இருட்டு, கார்பன் எரிகிற ஒரு கீற்று வெளிச்சம் மட்டும். சமுத்திரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். பெஞ்சின் மற்றப் பாதியை விட்டுவிட்டு, ஓரமாய், ஆள் பக்கத்தில் இருக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தான். மெதுவாக ஏதோ சொல்லிச் சிரித்தான். கையில் பிலிம் துண்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் காட்டினான்.

"இந்தாருங்க..." என்று வாசற்படியில் காலை வைத்தாள்.

அவள் கைகள் இரண்டும் மேலே போயின.

அவள் தூக்கவில்லை. பின்னாலிருந்து யாரோ மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கினார்கள்.

பிறகு அந்தக் கைகள் அவள் பிடரியைத் தொட்டன. குளிர்ந்த கைகள். அவசரமே இல்லை. தோளில் இறங்கி, விலாவைத் தடவி, இடுப்பைச் சுற்றி வந்தன. அவள் எப்படிச் சோதிப்பாளோ, அதே வரிசை, அதே அழுத்தம்.

முதுகில், ரவிக்கைக்குக் கீழே வந்து கைகள் நின்றன.

அங்கே, துண்டில் சுற்றி, வளைவாக, பல் பல்லாக ஏதோ அவள் முதுகைக் குத்தியது.

அவள் எதையும் வைத்திருக்கவில்லை. ஏழுமலையான்மேல் சத்தியமாய் வைத்திருக்கவில்லை.

காதோரம் ஈரமான குரல், கிழிந்த தொண்டையிலிருந்து காற்றும் கலந்து வந்தது.

"இதை வச்சிக்கிட்டு உள்ள போவக்கூடாதுக்கா."

"அவிய எம் புருசன்..." என்றாள் ஆவுடையம்மாள்.

"டோக்கன வாங்கிக்கோங்க."

சமுத்திரம் தலையைத் திருப்பினான். அவளைத்தான் பார்த்தான். வழி தவறி வந்த ஆளைப் பார்க்கிற மாதிரி பார்த்தான். "யாரும் மேல வரப்படாது" என்று எழுந்துவந்து கதவைச் சாத்தினான். உள்ளே தாழ் விழுந்தது. அதன் பின்னால் அவன் சிரிப்பு, இன்னொரு சிரிப்பு.

இறங்கி வந்தபோதுதான் தன் வலது கை மூடியிருப்பதைக் கவனித்தாள். விரித்தாள். தகர டோக்கன். புதுசு. இருபத்தைந்து.

பலகையில் இருபத்தைந்தாம் ஆணியில் ஒரு பன்னருவாள் தொங்கியது. பிடியில் கோர்ட்டுச் சீட்டும், உடையாத அரக்கும் இருந்தன.

"இது யாருது மதினி?" என்று கேட்டான் உக்கிரபாண்டி.

அவள் அதைக் கொண்டுபோய்க் கண்மாயில் எறிந்தாள். மறுநாள் மேட்னிக்கு அதே ஆணியில் ஈரத்தோடு தொங்கியது. டோக்கனைக் கிணற்றில் போட்டாள். ராத்திரி முந்தானையில் முடிந்திருந்தது. வேலையை விட்டாள். சமுத்திரமும் ஒரு வாரத்தில் வீட்டுக்குத் திரும்பிவிட்டான். ஊர்க்காரர்கள் நல்லபடியாய் முடிந்தது என்றார்கள்.

அவன் உள் அறையில் படுத்திருக்கிறான். ஆவுடையம்மாள் சோற்றுத் தட்டை எடுத்துக்கொண்டு நிலைப்படி வரைக்கும் வருவாள். அங்கே மரிக்கொழுந்து வாசம் வரும். முதுகில் பல் பல்லாக ஏதோ உறுத்தும்.

தட்டைக் கீழே வைத்துவிட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, அவள் இரண்டு கையையும் மேலே தூக்குவாள்.